வியர்வைக்கு அசையாத மஸ்காரா
காரைக்குடிப் பக்கம் வைகாசிக் கல்யாணம் என்றால், வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நிற்கும்போதே நெற்றி வியர்வை கண்ணில் இறங்கும். அதற்காக, இமைமுடிக்குப் பூசும் மஸ்காராவில் வாட்டர்ப்ரூஃப் வகைக்குத் தாவ வேண்டாம். எண்ணெய் கலந்த ரிமூவர் இல்லாமல் லேசில் போகாது, அழுத்தித் தேய்த்தால் இமைமுடிதான் உதிரும். அட்டையில் ‘டியூபிங்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதிலுள்ள பாலிமர் ஒவ்வொரு முடியையும் மெல்லிய உறையாகச் சுற்றிக்கொள்வதால், வியர்வைக்கும் முகத்து எண்ணெய்க்கும் எளிதில் கலையாது. இரவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை மூடிய கண்மேல் அரை நிமிடம் வைத்து, மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள். கறுப்பு கரையாமல் சின்னச் சின்ன நூலாக உருவி வரும். பயப்படாதீர்கள், இமைமுடி அல்ல. மஸ்காராவைத் திறந்து 3 மாதமானால் மாற்றிவிடுங்கள். மணப்பெண்ணே கேட்டாலும் உங்கள் பிரஷ்ஷைக் கொடுக்காதீர்கள், கண் தொற்று சுலபமாகப் பரவும்.