வெள்ளிக்கிழமை பஸ் பிடிக்கும் அப்பாக்களுக்கு: சொந்த மகளுக்கு விருந்தாளி ஆகாமல் இருப்பது எப்படி

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது நம் பக்கத்தில் எழுதாத சட்டம். வளைகாப்பு முடிந்து மனைவியை அனுப்பி வைத்தால், குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்ப வருவார்கள். அதுவரை அப்பா என்பவர் யார்? சனிக்கிழமை விடியற்காலையில் ஒரு பை ஆப்பிளோடு வந்து இறங்கி, இலை போட்டுச் சாப்பிட்டு, குழந்தையை இரண்டு நிமிடம் மடியில் வாங்கி, அது சிணுங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிப் போகிற ஓர் ஆள். நான் கோவையில் வேலை பார்க்கிறேன், மனைவியின் ஊர் கோவில்பட்டி, நடுவில் ஏழு மணி நேரப் பஸ். முதல் சில வாரங்கள் நானும் அந்த ஆளாகத்தான் இருந்தேன். பாப்பா அழுதபோது மாமியார் "குடுங்க மாப்பிள்ளை, உங்களுக்குப் பழக்கமில்ல" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் உறைத்தது. அதற்கப்புறம் செய்ததையும், முன்பே செய்திருக்க வேண்டியதையும் எழுதுகிறேன்.

முதலில் லீவு. மத்திய அரசு ஊழியர் என்றால் குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ள 15 நாள் உண்டு. தனியாரில் சட்டம் எதுவும் கிடையாது, கம்பெனி மனது வைத்தால்தான். எனக்கு ஐந்து நாள் கொடுத்தார்கள், ஐந்தையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கரைத்தேன். அங்கே மாமியார், சித்தி, அத்தை என்று ஆள் இருந்தார்கள்; நான் பிளாஸ்க்கில் டீ வாங்கி வந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பிரசவத்தின்போது பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் இரண்டு மூன்று நாளையாவது எடுத்து வையுங்கள். ஏனென்றால் தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதான் ஊசி நாள், புதன்கிழமை உங்களுக்கு ஆபீஸ்.

பிறந்தவுடனே பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி, இவற்றை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிடுவார்கள். அப்புறம் 6, 10, 14 வாரங்களில் மூன்று முறை. பாப்பா பிறந்த தேதியிலிருந்து எண்ணி அந்த மூன்று புதன்கிழமைகளையும் காலண்டரில் வட்டம் போட்டு, இப்போதே மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். தொடையில் ஊசி ஏறும்போது குழந்தையைப் பிடித்துக்கொள்கிற வேலை உங்களுடையது. என் மனைவியால் அதைப் பார்க்க முடியவில்லை, வெளியே போய் நின்றுகொண்டார். அன்று ராத்திரி காய்ச்சல் வரும், கால் வீங்கும், குழந்தை யார் கையிலும் நிற்காது. காய்ச்சல் சொட்டு மருந்தின் அளவைச் செவிலியரிடம் எடை சொல்லிக் கேட்டு, தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் அதை எங்கே போய் விசாரிப்பது? ஊசி போடாத நாளில், மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரிக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

இனி வேலைக்கு வருவோம். "ஏதாவது ஹெல்ப் வேணுமா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "ஒண்ணும் வேண்டாம், நீங்க உட்காருங்க" என்றுதான் பதில் வரும், மருமகனிடம் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், முழுசாக. நான் எடுத்தது இரண்டு. ஒன்று, ஏப்பம் விடவைப்பது. பால் குடித்து முடித்ததும் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்து, கழுத்தை ஒரு கையால் தாங்கி, முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவ வேண்டும், தட்டினாலும் மெதுவாகத்தான். பத்து நிமிடம் ஆகலாம். அப்படியும் கொஞ்சம் பால் கக்கும், தோளில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள், நல்ல சட்டை வேண்டாம்.

இரண்டாவது, துணி மாற்றுவது. பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும், மலம் முன்பக்கம் பட்டால் கிருமி தொற்றும். அப்பாக்களுக்கு யாரும் சொல்லாத இன்னொரு விஷயம்: முதல் வாரத்தில் நாப்பித் துணியில் வெள்ளையாகவோ, ஓரிரு சொட்டு ரத்தமாகவோ படலாம். அம்மாவிடமிருந்து வந்த ஹார்மோன் குறைவதால் ஆவது அது, தானே நின்றுவிடும். நான் அதைப் பார்த்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டரை எழுப்பினேன், அவர் சிரிக்காமல் பதில் சொன்னதற்கு இன்றும் நன்றி. அதே ஹார்மோனால் குழந்தையின் மார்பும் கொஞ்சம் வீங்கும். பெரியவர்கள் பால் கட்டியிருக்கிறது என்று பிதுக்கப் போவார்கள், விடாதீர்கள், சீழ் வைத்துவிடும்.

துணி மாற்றுகிறவருக்கு ஒரு லாபமும் உண்டு, கணக்கு அவர் கையில் இருக்கும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது ஒன்றுக்குப் போனால் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று அர்த்தம். "பால் பத்தல, புட்டிப்பால் குடுங்க" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லும்போது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு உங்கள் கணக்குதான் துணை. பிறந்த எடையிலிருந்து முதல் சில நாளில் கொஞ்சம் குறைவது இயல்பு, இரண்டு வாரத்தில் ஏறிவிட வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், கோவில்பட்டி வெயிலிலும் தண்ணீர்கூடக் கிடையாது.

குளிப்பாட்டுவதை மாமியாரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். தொப்புள்கொடி விழுகிற வரை, அதாவது ஒன்றிரண்டு வாரம், துடைத்துவிட்டால் போதும். அந்த இடம் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெயோ மஞ்சளோ வைக்கக் கூடாது. அப்புறம் பலகையில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி ஊற்றுகிற அந்த வித்தை. "அத்தை, சொல்லிக்குடுங்க, இன்னிக்கு நான் ஊத்துறேன்" என்றேன் மாமியாரிடம். அத்தை சிரித்தார், மாமா பேப்பரை இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தேன். என் கால் முடி குத்தியதோ என்னவோ, பாப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். மூன்றாவது சனிக்கிழமை அழவில்லை. இங்கே சும்மா வேடிக்கை பார்த்தாலே நிறைய தெரிந்துகொள்ளலாம், தலையை எப்படித் தாங்குகிறார், கழுத்து மடிப்பை எப்படித் துடைக்கிறார், தண்ணீரின் சூட்டை முழங்கையில் எப்படிப் பார்க்கிறார் என்று.

ஆனால் மாமியார் செய்வது எல்லாவற்றுக்கும் தலையாட்ட முடியாது, இதுதான் கஷ்டமான இடம். சேனை வைக்கிறேன் என்று தேனைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள். ஒரு வயது முடிகிற வரை தேன் கூடவே கூடாது, அதிலிருக்கும் ஒருவகைக் கிருமியைக் குழந்தையின் குடல் தாங்காது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதிவிடுவது, உரம் (சுளுக்கு) விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுவது, சாம்பிராணிப் புகையை நேரே முகத்துக்குக் காட்டுவது, இவற்றிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் ஒன்றும் நடக்காது, பொறுக்கி எடுத்துப் போடுங்கள். மை வேண்டும் என்றார் அத்தை. கண்ணில் வேண்டாம், உள்ளங்காலில் எவ்வளவு பெரிய பொட்டு வேண்டுமானாலும் வையுங்கள் என்றேன். கையில் வசம்பு வளையல் கட்டட்டும், உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். முக்கியமான விஷயம், நீங்களாகச் சொல்லாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அத்தையையும் கூட்டிப்போய், அவர் முன்னாலேயே கேள்வியைக் கேட்டுவிடுங்கள். நீங்கள் கெட்டவராக வேண்டியதில்லை, அது டாக்டர் பாடு.

வீடியோ கால் பற்றி. பிறந்த குழந்தைக்கு 20, 30 சென்டிமீட்டருக்கு மேல் தெளிவாகத் தெரியாது, அதனால் திரையில் தெரிகிற உங்கள் முகம் அவளுக்கு ஒன்றுமே இல்லை. அது உங்களுக்கான சமாச்சாரம், பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. குரல்தான் அவளைப் போய்ச் சேரும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு போனை ஸ்பீக்கரில் போட்டுத் தூளிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அன்றைக்கு டவுன்ஹாலில் மாட்டிக்கொண்ட டிராபிக், கேண்டீன் சாம்பார் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் மாதத்தில், குரல் கேட்டதும் அழுகையை நிறுத்திக் காலை உதைக்கிறாள் என்று மனைவி சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரோ என்னவோ, நான் நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி முழுக்க உங்களுடையது. பால் கொடுக்க மட்டும் மனைவி எழுந்தால் போதும்; தூக்குவது, ஏப்பம், துணி, தூங்கவைப்பது எல்லாம் நீங்கள். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், குப்புற வேண்டாம், முகத்துக்குப் பக்கத்தில் தலையணை வேண்டாம். பஸ்ஸில் வந்த அலுப்பு என்று சொல்லிவிடாதீர்கள், அவர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், "உடம்பு அசதி" என்று பத்தியச் சாப்பாட்டில் மூடிவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம்.

காகித வேலை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிறப்பைக் குழந்தை பிறந்த ஊரில்தான் பதிய வேண்டும், 21 நாளுக்குள் என்றால் கட்டணமில்லை. கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது வாங்கிய பிக்மி (PICME) எண்ணை எடுத்து வையுங்கள். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பல காரியங்களுக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், அதனால் எழுத்துப்பிழை பாருங்கள். எங்களுக்கு அம்மா பெயரில் ஓர் எழுத்து மாறி வந்தது, திருத்த மூன்று நடை. அம்மாவின் இன்ஷியலையும் போடலாம், நாங்கள் இரண்டையும் போட்டோம். "எதுக்கு மாப்பிள்ளை புதுசா" என்றார் மாமா, ஆனால் அது அவருடைய மகளின் எழுத்து என்று புரிந்ததும் சான்றிதழை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார். ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டில் பாப்பாவைச் சேர்க்கக் கெடு இருக்கும், எச்.ஆரிடம் உடனே சொல்லுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்த வாரமே தபால் நிலையத்துக்குப் போய் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். 15 வருடம் கட்ட வேண்டும், தொடங்கி 21 வருடத்தில் முதிரும். 2024 ஜனவரியில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள், ஒவ்வொரு காலாண்டும் அரசு மறுபடி அறிவிக்கும். மாதம் 2,000 ரூபாய் என்றால் உங்கள் கையிலிருந்து போவது 3,60,000. அதே வட்டி நீடித்தால் முடிவில் சுமார் 11 லட்சம் வரும். மாதாமாதம் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி. பதினெட்டு வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, மேல்படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம். பெண் பிறந்திருக்கிறது என்றதும் "இப்பவே கிராம் கிராமா நகை சேர்த்துடுங்க" என்று எனக்கு நாலு பேர் சொன்னார்கள். பாஸ்புக் உறையின் மேல் பேனாவால் "படிப்பு" என்று எழுதி வைத்தேன், பின்னால் எனக்கே புத்தி மாறிவிடக் கூடாது என்று.

ஆசைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர், கலெக்டர் என்று பாப்பாவுக்கு எனக்குப் பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரே ஒன்று உறுதியாக இருக்கிறது. எங்கள் தாத்தா நிலத்தைப் பிரித்தபோது என் அக்காவிடம், பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தாயிற்று, 2005இல் நாடு முழுக்க வந்துவிட்டது, எல்லாம் தெரியும். அக்கா ஒன்றும் கேட்கவில்லை, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோருக்கும் காபி போடப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பாப்பாவை முதலில் கையில் வாங்கிய அன்று ஒரு பெரியவர் "அடுத்தது வாரிசு வந்துரும்" என்று ஆறுதல் சொன்னபோது, ஞாபகம் வந்தது அந்தக் காபிதான். "இவதான் வாரிசு" என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. உங்களிடமும் யாராவது அப்படிச் சொல்வார்கள், பதிலை முன்கூட்டியே யோசித்து வையுங்கள், அந்த நேரத்தில் வாய் வராது. அக்காவிடம் நான் இன்னும் பேசவில்லை. பாப்பா கோவைக்கு வந்ததும் அக்கா பார்க்க வருவார், அப்போது பேச வேண்டும்.

அவர்கள் திரும்பி வருவதற்கு முன்னால் வீட்டைத் தயார் செய்துவிடுங்கள். கொசுவலை, வெந்நீருக்குத் தனிப் பாத்திரம், துணி காயப்போட இன்னொரு கொடி, இவ்வளவுதான். தொட்டில் வாங்காதீர்கள், தூளியில் பழகிய குழந்தை அதில் படுக்காது. எங்கள் வாடகை வீட்டில் விட்டம் கிடையாது, கான்கிரீட் தளம். வீட்டுக்காரரிடம் கெஞ்சி ஒரு கொக்கி அடித்திருக்கிறேன். ஆள் வந்து அடித்துவிட்டுப் போனதும் சேலையைக் கட்டி, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ராத்திரி முழுக்க அதில் தொங்கவிட்டேன். காலையில் எழுந்து முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன், அசையவில்லை. நீங்களும் முதலில் அரிசி மூட்டையைப் போட்டுப் பாருங்கள்.