ஃபாக் லைட் மாட்டும் முன் கணக்கு போடுங்கள்: ஹிமாலயன் ஓட்டுபவர்கள் செய்யும் ஒயரிங் தவறுகள்

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன், ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் போன்ற கரடுமுரடான பாதைக்கான பைக் எடுத்தவர்களில் பலர் முதல் சர்வீஸ் வரைகூடப் பொறுப்பதில்லை. நம்பர் பிளேட் வந்த வாரமே, உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டி நிற்கும். ஒரு ஜோடி ஃபாக் லைட், யுஎஸ்பி சார்ஜர், டூயல் ஹாரன், கிராஷ் கார்டு, ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டி, டேப் சுற்றி, சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லாம் பளிச்சென்று எரியும். வால்பாறை மழையில் நனைந்த பிறகுதான் ஒவ்வொன்றாகச் சண்டித்தனம் செய்ய ஆரம்பிக்கும். பழி லைட் மேல் விழும், இல்லையென்றால் வண்டிக் கம்பெனி மேல். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் லைட் நன்றாகவே இருக்கும். கோளாறு பேட்டரிக்கும் லைட்டுக்கும் நடுவில் ஓடுகிற ஒயரில் இருக்கும்.

உதாரணத்துக்கு 411 சிசி ஹிமாலயனையே எடுத்துக்கொள்வோம். 2016இல் வந்த வண்டி, செகண்ட் ஹேண்டில் இன்றும் நிறைய கைமாறுகிறது. என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் 220 வாட், பேட்டரி 12 வோல்ட் 8 ஆம்பியர்-அவர், ஹெட்லைட் 60/55 வாட் ஹாலஜன்.

220 வாட்டும் நமக்கில்லை

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. 220 வாட் இருக்கிறதே, இரண்டு லைட் தாங்காதா என்று நினைக்கிறோம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே கிடையாது. என்ஜின் ஓடினால் லைட் எரியும், பட்டப்பகலிலும். ஆக 55 வாட் எடுத்த எடுப்பிலேயே போயிற்று. ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), மீட்டர், டெயில் லைட் எல்லாவற்றுக்கும் தோராயமாக இன்னொரு 60, 70 வாட் ஒதுக்கிவிடுங்கள். மீதி நூறை ஒட்டித்தான் நிற்கும். அதுவும் என்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று உருட்டிக்கொண்டு ஏறும்போதும், ஊருக்குள் நெரிசலில் நிற்கும்போதும் ஆல்டர்னேட்டர் அந்த அளவுக்குக் கொடுக்காது. அங்கே ஆளுக்கு 40 வாட் இழுக்கிற இரண்டு லைட்டைப் போட்டால் பற்றாக்குறையைப் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்டையும் நம்ப வேண்டாம். 120 வாட் என்று போட்டிருக்கும் எல்இடி உண்மையில் அதில் பாதிகூட இழுக்காமல் இருக்கலாம். மல்டிமீட்டரை சீரீஸில், அதாவது லைட்டுக்குப் போகும் ஒயருக்கு நடுவில், கொடுத்து ஆம்பியர் பார்த்து, வோல்ட்டேஜால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும்.

அதே மீட்டரால் இன்னொரு சோதனையும் செய்யலாம். என்ஜின் ஓடாதபோது, முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் 13.5 முதல் 14.5 வரை. இனி எல்லா லைட்டையும் போட்டு, ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஐடிலில் விட்டுப் பாருங்கள். 12.8க்குக் கீழே இறங்கினால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, கரைந்துகொண்டிருக்கிறது. இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் ஃபிட்டிங் செய்கிற கடைகளில் மீட்டரை வெளியே எடுப்பவர்கள் குறைவு.

ஒயர், ஃபியூஸ், ரிலே

லைட்டுக்கு 4,000 ரூபாய் கொடுக்கத் தயங்காதவர் ஒயருக்கு 200 ரூபாய் என்றால் யோசிப்பார். இரண்டு லைட்டும் சேர்ந்து 80 வாட் என்றால் சுமார் 6.5 ஆம்பியர். பேட்டரியிலிருந்து முன்பக்கம் போய்த் திரும்ப 4 மீட்டர் ஒயர் என்று வையுங்கள். 0.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 0.9 வோல்ட் தொலைந்துவிடும். 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். ஹாலஜனில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். எல்இடியில் இது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட் குறைந்த வோல்ட்டேஜை ஈடுகட்டக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், லைட் நன்றாகவே எரியும், ஒயர் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

ஃபியூஸ் போடாமல் விடுவதைவிட இடம் மாற்றிப் போடுவதுதான் அதிகம் நடக்கிறது. லைட்டுக்குப் பக்கத்தில், பார்க்க வசதியாக, ஹேண்டில் அருகே ஃபியூஸ் ஹோல்டரைத் தொங்கவிடுகிறார்கள். டேங்க் அடியில் அந்த ஒயர் ஃபிரேமில் உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸுக்குச் சேதியே போகாது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். மேலே சொன்ன லைட்டுகளுக்கு 10 ஆம்பியர், சிவப்பு நிற பிளேடு ஃபியூஸ். அது அடிக்கடி போகிறதென்றால் காரணத்தைத் தேட வேண்டும். மஞ்சள் நிற 20 ஆம்பியரைச் செருகிவிட்டால் அடுத்த முறை எரிவது ஒயராகத்தான் இருக்கும்.

ரிலே என்பது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். அதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிலேயைத் திருப்பிப் பார்த்தால் கால்களுக்குப் பக்கத்தில் எண்கள் பொறித்திருக்கும். 30க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர். 87லிருந்து லைட்டுக்கு. 86க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனிலிருந்து, ஹேண்டிலில் உள்ள சின்ன ஸ்விட்ச் வழியாக ஒரு ஒயர். 85 எர்த். ஐந்து கால் ரிலே என்றால் நடுவில் 87ஏ என்று ஒன்று கூடுதலாக இருக்கும். அவசரத்தில் லைட்டை அதில் செருகிவிட்டால் ஸ்விட்ச் போட்டால் லைட் அணையும், அணைத்தால் எரியும். சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாலும் எரிந்துகொண்டே இருக்கும். ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று புது ஸ்விட்ச் வாங்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

ரிலேயை இயக்க 0.15 ஆம்பியர் அளவுதான் தேவை. டெயில் லைட் ஒயர் போன்ற லேசான லைனிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம். ஃபியூயல் பம்ப், ஏபிஎஸ், ஈசியு லைன்களில் கை வைக்கவே கூடாது. டூயல் ஹாரனும் அப்படித்தான். ஒரிஜினல் ஹாரன் ஒயரிலேயே இரண்டையும் கோத்தால் ஹாரன் ஸ்விட்சின் காண்டாக்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். ஒரிஜினல் ஹாரனுக்கு வரும் இரண்டு ஒயரையும் ரிலேயின் 85, 86 கால்களுக்குக் கொடுத்துவிட்டு, புது ஹாரன்களுக்குப் பேட்டரியிலிருந்து தனி லைன் இழுப்பதே முறை.

முறுக்கி டேப் சுற்றுவது

ஒயரின் தோலை உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது வீட்டு ஒயரிங்கில் வந்த பழக்கம். என்ஜின் சூட்டில் அந்தப் பசை இளகி, டேப் தானாகவே கழன்றுவரும். உள்ளே தண்ணீர் போனால் செம்பு பச்சை பூத்து, லைட் விட்டுவிட்டு எரியும். ஒயரை நசுக்கிப் பிடிக்கும் சரியான அளவு கிரிம்ப் டெர்மினல், மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், வெளியில் இருந்தால் வாட்டர்புரூஃப் கப்ளர் போதும். சால்டர் வைத்தால் இன்னும் உறுதி என்று சிலர் சொல்வார்கள். ஒற்றை சிலிண்டர் வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு, சால்டர் ஏறிய இடம் விறைத்துப்போய் அதன் ஓரத்தில் இழை அறுபடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

எர்த்தைப் பெயின்ட் அடித்த ஃபிரேமில் ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டுவதும் வேண்டாம். நெகட்டிவ் ஒயரையும் பேட்டரி வரைக்கும் கொண்டுபோய்விட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கிவருவது

இந்த மாதிரி வண்டிகளில் சஸ்பென்ஷன் அசைவு அதிகம். ஹிமாலயனில் முன்பக்கம் 200 மி.மீ. சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது அழகாக விறைப்பாகக் கட்டிய ஒயர், ஃபோர்க் உள்ளே போய் வரும்போது இழுபடும். கேபிள் டையை இறுக்கும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் ஹெட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு வளையம் அளவுக்குத் தளர்வு வேண்டும்.

ரைசர் போட்டிருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். என்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலைத் திருப்பும்போது ஆர்பிஎம் தானாக ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். பிரேக் ஹோஸ் கயிறுபோல விறைத்து நின்றால் ரைசரைக் கழற்றுங்கள், இல்லை நீள ஹோஸ் வாங்கிப் போடுங்கள். கிராஷ் கார்டு, கேரியர் போல்ட்டுகளுக்கு மரை தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு போதும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டால் சரி.

போன் ஹோல்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்தி வாய்ந்த பைக் என்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் ஸ்டெபிலைசேஷனைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. ஹோல்டர் வாங்கினால் அதிர்வு தாங்கும் டேம்பரோடு வாங்குங்கள். பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் மேப்புக்கு அதைப் போடுவது இன்னும் நல்லது.

ஹெட்லைட்டில் எல்இடி பல்பு

ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைச் செருகினால் நமக்கு வெளிச்சம் கூடியதுபோலத் தெரியும். அந்த ரிஃப்ளெக்டர் வடிவமைக்கப்பட்டது ஹாலஜன் இழை இருக்கும் இடத்தை வைத்து. எல்இடியில் ஒளி புறப்படும் இடம் கொஞ்சம் விலகினாலும் லோ பீம் சிதறி, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். 100/90 வாட் ஹாலஜன் போடுவது இன்னொரு வகை ஆபத்து. சில மாதம் கழித்து ஹெட்லைட்டைத் திறந்து பார்த்தால் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி, டெர்மினலைச் சுற்றி உருகியிருக்கும். ஒரிஜினல் 60/55 பல்புக்கே ரிலே போட்டுத் தடித்த ஒயர் கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கண்கூசும் வெள்ளை லைட்டோடு ஊருக்குள் வந்தால் போலீஸ் நிறுத்துவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

நிறுத்தி வைத்தாலும் கரையும் பேட்டரி

யுஎஸ்பி சார்ஜரையும் ஜிபிஎஸ் டிராக்கரையும் நேராகப் பேட்டரியில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். 50 மில்லி ஆம்பியர் என்பது கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஒரு நாளைக்கு அது 1.2 ஆம்பியர்-அவர். 8 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு வாரத்துக்குள் காலி. வெளியூர் போய்த் திரும்பி ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம்தான் வரும், இந்த வண்டியில் உதைத்துக் கிளப்பக் கிக்கரும் கிடையாது. சார்ஜரை ரிலே வழியாகச் சாவியோடு சேர்த்துவிடுங்கள். டிராக்கர் எப்போதும் ஓடியாக வேண்டும் என்றால், சாவியை எடுத்தபின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கொடுத்து எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். வண்டியை எத்தனை நாள் நிறுத்தலாம் என்பது அந்த எண்ணிலிருந்தே தெரிந்துவிடும்.