லேவியராகமத்தில் நின்றுபோன என் வேதவாசிப்பு

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் வேதாகமத்தை ஓராண்டில் முடித்துவிடுவதென்று தீர்மானிப்பதும், பிப்ரவரியில் அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் பலி முறைகளுக்கு நடுவே நின்றுவிடுவதும் பல ஆண்டுகளாக என் வழக்கமாயிருந்தது. மொத்தம் 1189 அதிகாரங்கள் என்பதால் நாளொன்றுக்கு மூன்று நான்கு வாசித்தாக வேண்டும். ஒரு நாள் தவறினால் கடன்போல் பாக்கி ஏறும், பிறகு புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாயிருக்கும்.

எடுத்துக்கொண்ட அளவே பிசகு என்று சற்றுத் தாமதமாக உணர்ந்து, வேதாகமத்தின் துதிப்பாடல்களில் ஒன்றான 119-ஆம் சங்கீதத்தை மட்டும் கையில் எடுத்தேன். எபிரெய எழுத்துகள் 22-இன் வரிசையில், எழுத்துக்கு எட்டாக 176 வசனங்கள் அதில் அமைந்திருப்பதால், நாளுக்கொரு பகுதி போதுமானதாயிற்று. அடுப்பில் பால் காயும் நேரத்தில் அந்த எட்டையும் வாய்விட்டு வாசித்து, மனத்தில் தைத்த ஒன்றை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். பேருந்தில் நிற்கும்போது அதுவே ஜெபமாகிவிடும். (பால் இரண்டு முறை பொங்கி வழிந்ததை மறைப்பதற்கில்லை.) 14-ஆம் நாள், ‘உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது’ என்ற 105-ஆம் வசனத்தை எழுதுகையில் கை சற்றே நின்றது, ஞாயிறு பள்ளியில் பரிசுப் பென்சிலுக்காக ஒப்பித்த அதே வரி, வேலையில் ஒரு முடிவெடுக்க முடியாமல் தவித்த அந்த வாரத்தில் வேறாகத் தெரிந்தது.

இப்போது ஒரு நாள் விட்டுப்போனால் பாக்கி வைக்காமல் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்கிறேன். லேவியராகமத்தை நாளுக்கு அரை அதிகாரமாக மீண்டும் தொடங்கி, பாவநிவிர்த்தி நாளைப் பற்றிய 16-ஆம் அதிகாரத்தை எட்டியிருக்கிறேன்.