பழைய தமிழ் காமிக்ஸ்: பக்கத்தை எண்ணிவிட்டு விலை பேசுங்கள்

பட்டியல் இல்லாமல் பழைய காமிக்ஸ் வாங்கக் கிளம்பாதீர்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸ், 1984-ல் வந்த லயன், அதே ஆண்டு தொடங்கி 2005 வரை ஓடிய ராணி காமிக்ஸ், இவை தவிர திகில், மினி லயன், மேத்தா, இந்திரஜாலின் தமிழ்ப் பதிப்பு என்று வரிசைகள் ஏராளம். ராணி காமிக்ஸ் மட்டுமே 500 இதழ். எல்லாவற்றையும் சேர்க்க ஆசைப்பட்டால் எந்த வரிசையும் முழுமை அடையாது. ஒரு நாயகன், ஒரு வரிசை, அல்லது ஐந்தாறு ஆண்டுகள் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். இதழ் எண், தலைப்பு, வந்த மாதம் ஆகியவற்றை வரிசையாக எழுதிப் போனில் வைத்துக்கொண்டால் கடையில் நின்று தடுமாற வேண்டியதில்லை.

பெயர்களில் புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முத்துவின் இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ் படக்கதை நாயகன். ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்ற பெயரில் வந்தவர் முகமூடி அணிந்த அமெரிக்கப் படக்கதை நாயகன் ஃபாண்டம். இந்திரஜால் தமிழில் அதே ஃபாண்டம் வேதாளன் ஆகிவிடுவார். 'மாயாவி புக் இருக்கு' என்று யாராவது சொன்னால், அட்டைப் படத்தைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

விலை ஏறுவதற்குக் காரணம் வெளிப்படை. எண்பதுகளில் காசு சேர்த்து வைத்து வாங்கிப் படித்த பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்கிச் சம்பாதிக்கிறார்கள். அன்றைய இதழ்களில் பெரும்பகுதி எடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பதும் செய்தித்தாளுக்கான மலிவு நியூஸ்பிரிண்ட் காகிதம் என்பதால் தானாகவே நொறுங்கிக்கொண்டிருக்கிறது. முன்பு நடைபாதைக் கடையில் கண்ணில் பட்டவருக்குத்தான் இதழ் கிடைத்தது. இன்று வாட்ஸ்அப் குழுவில் படம் ஏறிய நிமிடமே வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

விலையைக் கீழே இழுப்பது மறுபதிப்பு. கதைக்காகத் தேடுபவர்கள் மறுபதிப்பு வந்ததும் போட்டியிலிருந்து விலகிவிடுவார்கள், முதல் பதிப்புதான் வேண்டும் என்பவர்கள் மட்டும் நிற்பார்கள். 2010-ல் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக வந்த லயனின் 'இரத்தப் படலம்' (XIII தொடரின் தமிழ்ப் பதிப்பு) 2018-ல் வண்ணத்தில் மீண்டும் வந்தது. கதை மட்டும் போதும் என்றவர்கள் பழைய தொகுப்பைத் துரத்த வேண்டிய அவசியம் அத்தோடு தீர்ந்தது. ஆகவே மறுபதிப்பு அறிவிப்பு வந்த கதையின் பழைய இதழை அந்தச் சூட்டில் வாங்காதீர்கள். புதியது கைக்கு வந்து இரண்டு மூன்று மாதம் ஆகட்டும்.

கேட்கும் விலையை வைத்துச் சந்தை விலையைத் தீர்மானிக்கவும் கூடாது. ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். பணம் கைமாறிய விலைகளை மட்டும் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரே இதழுக்கு, ஒரே தரத்தில், மூன்று விற்பனையாவது தெரிந்த பிறகுதான் அந்தக் கணக்கை நம்பலாம்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

முதலில் நடுப்பக்கத்தைத் திறங்கள். முதுகில் ஸ்டேப்ளர் பின் அடித்த இதழ்களில் முதலில் கழன்று விழுவது அந்தத் தாள்தான். ஒவ்வொரு தாளும் மடிந்து நான்கு பக்கம் ஆவதால் உள்பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 64 பக்க இதழ் என்றால் ஒரே தாளின் ஒரே முகத்தில் இருக்கும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 65: பக்கம் 10 இருக்கும் தாளில்தான் 55-ம் இருக்கும். 9, 10 காணவில்லை என்றால் 55, 56-ஐயும் உடனே பாருங்கள். ஒன்று விழுந்திருந்தால் மற்றது பிடிமானம் இல்லாமல் நிற்கும், அல்லது யாரோ பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். தடிமனான கோடை மலர், தீபாவளி மலர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் முதுகுப் பசை காய்ந்து பக்கங்கள் ஒவ்வொன்றாக உதிரும். எண் வரிசைப்படி புரட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் புரட்டுங்கள்.

பைண்டு செய்த தொகுப்பு கிடைத்தால் ஓரத்தைப் பாருங்கள். பைண்டர்கள் மூன்று பக்கமும் வெட்டிச் சமப்படுத்துவது வழக்கம், அதில் படத்தின் விளிம்பும் பக்க எண்ணும் போயிருக்கும். அட்டைகளைக் கிழித்துவிட்டுக் கட்டியதும் நிறைய. படிக்க அருமையான தொகுப்புதான். பிரித்துத் தனி இதழாக விற்கலாம் என்ற கணக்கில் மட்டும் வாங்காதீர்கள். வாடகை நூலக முத்திரையோ முன்னாள் உரிமையாளரின் பெயரோ இருந்தால் நாங்கள் அதைப் பெரிய குறையாக எடுப்பதில்லை. செல்லோ டேப் அப்படியல்ல. அதன் பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும், வீட்டில் எடுக்கவே முடியாது. முன் அட்டை இல்லாத இதழுக்கு நல்ல பிரதியின் விலையில் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். உள்ளே ஒரு பக்கம் குறைந்தாலும், இன்னொரு குறைபிரதியை நிறைவு செய்ய மட்டுமே அது பயன்படும்.

அட்டை அசல்தானா என்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். ஆஃப்செட்டில் அச்சான படத்தில் நிறப்புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சிறு பூப்போலக் கூடி நிற்கும். இங்க்ஜெட் நகலில் புள்ளிகள் தெளித்ததுபோல் சிதறியிருக்கும். கலர் ஜெராக்ஸில் மை காகிதத்தின் மேல் படிந்து, சாய்த்துப் பார்த்தால் மினுமினுக்கும். கூடவே 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வைத்திருங்கள். இன்றைய வெள்ளைக் காகிதம் அந்த ஒளியில் நீலமாகப் பளீரிடும், பழைய நியூஸ்பிரிண்ட் மங்கிக் கிடக்கும். பழுப்பேறிய உள்பக்கங்களுக்கு நடுவே ஒரு தாள் மட்டும் நீலமாக ஒளிர்ந்தால் அது பிறகு சேர்த்தது.

முதல் பதிப்பா மறுபதிப்பா என்பதில்தான் அதிகம் பணம் போகிறது. இரும்புக்கை மாயாவி கதைகள் பின்னாளில் 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' வரிசையில் திரும்ப வந்தன. வரிசையின் பெயர், இதழ் எண், விலை மூன்றையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது பதிப்பகத்தின் முகவரி. இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டின் தொடக்க இதழ் என்று காட்டுவதில் சிவகாசிக்கான 626-ல் தொடங்கும் ஆறு இலக்கம் இருந்தால் அது அந்த இதழ் அல்ல. எழுத்தும் காட்டிக்கொடுக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை', 'னை' போன்றவை யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடும், 'ணா', 'றா', 'னா' ஆகியவை கால் இல்லாமல் சுழித்தும் அச்சாகும். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்ததாகச் சொல்லப்படும் இதழில் இன்றைய வடிவம் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய வடிவம் இருப்பதாலேயே 1978-க்கு முந்தியது என்று முடிவு கட்டவும் முடியாது. பல அச்சகங்கள் பழைய எழுத்தை அதன் பிறகும் சில ஆண்டுகள் விடவில்லை.

எங்கே தேடுவது

சென்னையில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகள், சென்ட்ரல் அருகே பழைய மூர் மார்க்கெட் கடைகள் இடம்பெயர்ந்த வளாகம், கோவையில் உக்கடம் பழைய புத்தகக் கடைகள். சென்னை, ஈரோடு புத்தகக் காட்சிகளுக்கு மற்ற சேகரிப்பாளர்கள் வருவார்கள். இரட்டைப் பிரதிகளை மாற்றிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. சிறு ஊர்ப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள், எடை விலைக்கு மேல் தருவதாகச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது ஆறு படம் கேளுங்கள்: முன் அட்டை, பின் அட்டை, முதுகு, முகவரி இருக்கும் பக்கம், ஸ்டேப்ளர் பின் தெரியும்படி நடுப்பக்கம், கடைசிப் பக்கம். விலை பெரிதாக இருந்தால் வீடியோ அழைப்பில் முழு இதழையும் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

புதிதாக வந்த இதழைச் சேகரிப்போடு சேர்க்காதீர்கள். ராமபாணப் பூச்சியின் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் முதுகு மடிப்பில் இருக்கும். காற்று புகாத பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை டேப்பால் அடைத்து ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்தில் இருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காகிதத்தில் ஈரம் படிந்துவிடும்.

உறைக்குப் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியஸ்டர் வாங்குங்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பிவிசி கவர் நாளடைவில் பிசுபிசுத்து அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும். லயன், முத்து, ராணி என்று அளவுகள் மாறுவதால் இதழை அளந்து, அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக எடுங்கள். பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்று. சாதாரண சாம்பல் நிற அட்டை தன் அமிலத்தை இதழுக்கு ஏற்றிவிடும். படுக்க வைத்து அடுக்கினால் பதினைந்துக்கு மேல் வேண்டாம். முதுகுகள் ஒரே பக்கம் குவிந்து மேடு தட்டாமல் இருக்க ஐந்து இதழுக்கு ஒருமுறை திசை மாற்றுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கரையான் பெரும்பாலும் சுவர் வழியாகத்தான் வரும். ஈரப்பதமானி ஒன்று உள்ளே இருக்கட்டும். ஐம்பது சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, அறுபத்தைந்தைத் தாண்டினால் பூஞ்சை பயம். ஈரத்தை உறிஞ்சச் சிலிகா ஜெல் வைத்திருந்தால், அது நிறம் மாறியதும் எடுத்து ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தலாம், வெயிலில் வைத்தால் போதாது. அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாசம் காகிதத்தில் ஊறினால் எளிதில் போகாது. துணிப்பையில் கட்டிய வசம்புத் துண்டு தட்டின் மூலையில் கிடக்கட்டும், இதழைத் தொடாமல்.

கிழிசலைத் தைரியமாக ஒட்டும் முன் நிறுத்துங்கள். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் சரியான பொருள்கள், ஏனென்றால் ஈரம் பட்டால் அவற்றைத் திரும்ப எடுத்துவிடலாம். கடையில் விற்கும் வெள்ளைப் பசை காய்ந்தபின் காகிதத்தோடுதான் வரும். துருப்பிடித்த பின்னை, துரு காகிதத்தைத் தின்னத் தொடங்கியிருந்தால் மட்டும் கழற்றுங்கள்: நடுப்பக்கத்தில் மடிந்த இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, வெளிப்புறமாக இழுத்து, அதே துளைகளில் துருப்பிடிக்காத எஃகுப் பின்னைக் கையால் செருகி மடக்க வேண்டும். ஸ்டேப்ளரால் புதிய துளை போடக் கூடாது. விற்கும்போது இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.