இருபது ரூபாய் முத்திரைத்தாள்: கட்டட விபத்து இழப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். சென்ட்ரிங் பலகை சரிந்து முதல் மாடியிலிருந்து விழுந்த கம்பி கட்டும் தொழிலாளி ஒருவருக்கு மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. "அண்ணா, காண்டிராக்டரிடம் பேசி எண்பதாயிரத்துக்கு முடித்துவிட்டேன். எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது" என்றான். குரலில் அப்படி ஒரு பெருமிதம். அது எனக்கு நன்றாகப் பழக்கமான பெருமிதம். 2004-இல் அதே குரலில் நானும் எங்கள் தலைவருக்குப் போன் செய்திருக்கிறேன்.

திட்டிவிட்டு வைத்தேன். பிறகு நானே மறுபடி அழைத்து, காலையில் அந்தத் தாளின் நகலோடு வரச் சொன்னேன். வந்தவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்துச் சீட்டைத் தொலைக்காதீர்கள், எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களே போய் விழுகிற குழிகள் வேறு.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். இத்தனை காலமும் நாங்கள் கையில் வைத்திருந்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. இழப்பீடு அதில் 7-ஆம் அத்தியாயம். இழப்பீட்டு மனுக்களை விசாரிப்பவர், இழப்பீட்டு ஆணையர் என்று நாம் சொல்லிவந்தவரைத் தொகுப்பு தகுதிவாய்ந்த அதிகாரி என்கிறது. பெயர்களும் பிரிவு எண்களும் மாறினாலும் நான் சொல்லப்போகும் விதிகளின் எலும்புக்கூடு இரண்டிலும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் பொய்

அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பணி மருத்துவர் முதலில் கேட்பது, "எப்படி அடிபட்டது?" என்பதுதான். பதில் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் மேஸ்திரியோ காண்டிராக்டரின் ஆளோ. "வீட்டுப் படியில் வழுக்கிவிட்டது என்று சொல், போலீஸ் வந்தால் வேலை நின்றுவிடும், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று காதில் ஓதுவார். வலியில் இருப்பவர் தலையாட்டிவிடுவார்.

ஒரு சித்தாளுக்கு இப்படித்தான் "இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னார்" என்று பதிவாகியிருந்தது. அந்த அம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒற்றை வரியை மூன்று முறை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அதை உடைக்கக் கூட வேலை பார்த்தவர்களைச் சாட்சிக்கு அழைத்தோம். மூன்று பேர் வருவதாகச் சொல்லி, வந்தவர் ஒருவர்.

எந்தச் சைட், எத்தனை மணி, எந்த உயரம், என்ன வேலை என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பொய் ஏறிவிட்டது என்றால், சிகிச்சை தரும் மருத்துவரிடமும் காவல் நிலையப் புகாரிலும் உண்மையையும், முதலில் மாற்றிச் சொன்ன காரணத்தையும் சேர்த்தே எழுதி வையுங்கள். அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

பேசி முடித்தல்

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

2004-இல் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் விழுந்தார். குதிகால் எலும்பு இரண்டும் நொறுங்கின. வயது 35. சங்கத்தில் நான் அப்போது ஒரு வருட அனுபவக்காரன். நாலு பேர் முன்னால் காண்டிராக்டரிடம் கைநீட்டிப் பேசத் தெரிந்ததாலேயே எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். அவர் பத்தாயிரத்தில் தொடங்கினார், நான் இருபத்தைந்தாயிரத்தில் நிறுத்தினேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நானேதான் எழுதினேன்: "இதன் பேரில் இனி எக்காலத்திலும் எவ்விதப் பாத்தியதையும் கோரமாட்டேன் என மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்த சம்மதப் பத்திரம்." பத்திர எழுத்தரிடம் கற்ற நடை. கொத்தனாருக்கு அதை வாசித்துக் காட்டியபோது என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொன்னார்.

அவருக்கு உண்மையில் எவ்வளவு சேர வேண்டியிருந்தது என்று அப்போது நான் கணக்குப் போடவே இல்லை. கணக்கு ஒன்றும் பெரிய வித்தையல்ல. நிரந்தர முழு ஊனம் என்றால் மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். இறப்பு என்றால் 50 விழுக்காடு. 35 வயதுக்குக் காரணி 197.06. அன்றைய சட்டத்தில் கூலி எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு 4,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். அதன்படி முழுத்தொகை 4,72,944. சம்பாதிக்கும் திறனில் 40 விழுக்காடு போனது என்று வைத்தால்கூட ஏறக்குறைய 1,89,000. நான் வாங்கிக்கொடுத்துப் பெருமைப்பட்டது 25,000.

அந்தக் கூலி உச்சவரம்பு 2010-இல் 8,000 ஆகி, 2020 ஜனவரி 3 முதல் 15,000 ஆனது. அதே வயது, அதே 40 விழுக்காடு என்றால் 2021-இல் நடந்த ஒரு விபத்துக்கு 7,09,416 ரூபாய் வருகிறது. பேரம் பேச உட்காருவதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்யாதவர் பேரமே பேசக் கூடாது.

கதையின் கசப்பான பாதி இனிமேல்தான். நான் எழுதிய அந்தத் தாளுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. மொத்தத் தொகை பேசி முடித்தால் அந்த உடன்பாட்டை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டியது முதலாளியின் கடமை. தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கியது என்றோ தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவு செய்யாமல் விட்டால் முழு இழப்பீட்டுக்கும் முதலாளி பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும், ஆணையர் வேறு விதமாகச் சொன்னாலொழிய, அவருக்கு உரிமை இல்லை. இருபது வருடத்தில் ஒரு காண்டிராக்டர்கூடத் தானாகப் பதிவு செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இது கொத்தனாருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். ஏணியில் இரண்டு படிக்கு மேல் ஏற முடியாமல், பெயர்ந்த திண்ணைக்குப் பூச்சு பூசுவது போன்ற சில்லறை வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். மூன்று வருடம் கழித்து ஒரு கூட்டத்தில் என்னைப் பார்த்தபோதும் அவராக ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "அதுதான் எழுதிக்கொடுத்துவிட்டோமே தம்பி" என்றார்.

மனு போட இரண்டு வருடம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. அதற்கே எட்டு மாதம் வாதாடினோம். மன்னித்தார்கள், தீர்ப்பும் எங்கள் பக்கம் வந்தது. அதற்குள் அந்தக் காண்டிராக்டரின் அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. வருவாய் பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வசூலிக்க அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. செல்லாத அந்தத் தாள், செல்லும் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பிய ஒரே காரணத்தால், காண்டிராக்டருக்கு மூன்று வருடத்தைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது.

ஆகவே, அவசரத்துக்குப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். ரசீதில் "மருத்துவச் செலவுக்கு" என்றோ "முன்பணமாக" என்றோ எழுதிக் கையெழுத்திடுங்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவை முதலாளி இழப்பீட்டுக்கு மேல் தனியாகத் தர வேண்டும் என்பது 2010 முதல் சட்டம். வெற்றுத் தாளில் மட்டும் கைநாட்டுகூட வைக்காதீர்கள். ஏற்கெனவே எழுதிக்கொடுத்தாயிற்றா? அதன் நகலை வைத்துக்கொண்டு உடனே மனுப் போடுங்கள். முடியாது என்று சொல்ல அந்தத் தாளுக்கு வாயில்லை.

இறப்பு என்றால் இன்னும் கண்டிப்பு. தொகையை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மனைவியின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. மூன்று மாதக் கூலி வரை கொடுக்கும் முன்பணத்துக்கு மட்டும் விலக்கு. துட்டி வீட்டில் உறையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மேஸ்திரியை மட்டும் எதிர்த்தரப்பில் சேர்ப்பது

சனிக்கிழமை கூலி கொடுப்பவர் மேஸ்திரி என்பதால் மனுவிலும் அவர் பெயரை மட்டும் போட்டுவிடுகிறார்கள். அவரிடம் என்ன இருக்கிறது? ஒரு பழைய பைக்கும் கலவை மெஷினும். கட்டடம் கட்டுவதையே தொழிலாக நடத்தும் நிறுவனம் வேலையை உள்காண்டிராக்ட் விட்டிருந்தால், பிரதான முதலாளி என்ற முறையில் அதுவும் இழப்பீடு தரப் பொறுப்பு. தந்த பிறகு உள்காண்டிராக்டரிடம் அது வசூலித்துக்கொள்ளட்டும். சைட் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை முதல் நாளே போட்டோ எடுங்கள். காப்பீட்டு பாலிசி இருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும் சேருங்கள். குடியிருக்கச் சொந்த வீடு கட்டுபவரை மட்டும் இப்படி இழுப்பது எளிதல்ல, வீடு கட்டுவது அவர் தொழில் இல்லை என்பதால்.

சான்றிதழில் உள்ள விழுக்காட்டோடு நின்றுவிடுவது

உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் போவது வேறு. 1923 சட்டத்தின் முதல் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு என்று இருந்தது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவரின் மதிப்பீடு தேவை. அவரிடம் போகும்போது எலும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை மட்டும் காட்டாமல், இந்த ஆள் என்ன வேலை செய்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் தீர்ப்பளித்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சினிமா அரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க நேர்ந்தது. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு அது முழு ஊனமே என்றது நீதிமன்றம். இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே சேர வேண்டியதாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 1923 சட்டத்தில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, நியாயமான காரணமின்றி இழுத்தடித்தால் 50 விழுக்காடு வரை அபராதம்.

கூலிக்குச் சான்று இல்லை என்று கைவிடுவது

மேஸ்திரியின் சிட்டை, சனிக்கிழமைதோறும் செல்போனில் வந்த பணப் பரிமாற்றம், "நாளைக்கு எட்டு மணிக்கு வா" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவு. எல்லாம் சான்றுதான். போனை மாற்றும் முன் எடுத்து வையுங்கள்.

"தப்பு என்மேல்தான்"

இருக்கட்டும். கவனக்குறைவால் இழப்பீடு போகாது. குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற தடைகளும் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் பொருந்தாது.

எப்.ஐ.ஆர். போட்டாயிற்றே

அது குற்ற வழக்கு. இழப்பீட்டு மனு தனி.

நலவாரியப் பணம் வந்துவிட்டது

நல்லது. அது வாரியம் தருவது. முதலாளியின் கடன் அப்படியே இருக்கிறது.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை

இருந்தால் வழி அங்கேதான், இழப்பீட்டு மனு கிடையாது. முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போய்விட்டால் முடிந்தது

முடியவில்லை. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, தொழிலாளி வழக்கமாக வசிக்கும் இடத்திலும் மனுப் போடலாம். ஒடிசாவுக்கோ பீகாருக்கோ டிக்கெட் எடுத்துக் கொடுத்து ரயில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கும் காண்டிராக்டர்கள் இதைக் கேட்டு முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி கொண்டுவந்த தாளில், "எவ்விதப் பாத்தியதையும்" என்ற அதே சொல் இருந்தது. அடியில் சாட்சியாக அவன் கையெழுத்து. கம்பி கட்டுபவரின் மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு இருக்கிறது. விபத்து பற்றிய அறிவிப்பைப் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கும் மேஸ்திரிக்கும் அனுப்பிவிட்டோம். நிறுவனத்திடமிருந்து ஒப்புகை அட்டை வந்துவிட்டது. மனுவை அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.