எல் வடிவ வீடா? விடுபட்ட மூலைக்கு ஃபெங் சுயி சொல்லும் வழி

வீட்டு வரைபடத்தை எடுத்து, வெளிச்சுவர்களைச் சுற்றிப் பென்சிலால் ஒரு முழுச் செவ்வகம் போடுங்கள். அதை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாகப் பிரியுங்கள். வீட்டுக்கு வெளியே காலியாக நிற்கிற கட்டம்தான் சீனர்களின் வீட்டு சாஸ்திரமான ஃபெங் சுயியில் 'விடுபட்ட மூலை'. திசைகாட்டி வைத்துப் பார்க்கும் மரபில் தென்மேற்கு தாய்க்கு, வடமேற்கு தந்தைக்கு. தென்கிழக்கைச் செல்வத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். எந்த மூலை விடுபட்டதோ, அதற்குரியதில் குறை வரும் என்பது நம்பிக்கை.

சரி, பரிகாரம்? இடிக்கவெல்லாம் வேண்டாம். தனி வீடு என்றால், இரண்டு வெளிச்சுவர்களையும் விடுபட்ட மூலையை நோக்கி மனதில் நீட்டிப் பாருங்கள். அவை சந்திக்கும் புள்ளியில் ஒரு விளக்குக் கம்பமோ மரமோ பெரிய கல்லோ வைத்தால் மூலை நிறைந்ததாகக் கணக்கு. என் ஓட்டு விளக்குக்குத்தான். நம்பிக்கை இல்லாதவருக்கும் இரவில் வெளிச்சமாவது மிஞ்சும். அடுக்குமாடியில் அந்தப் புள்ளி அடுத்த வீட்டு பால்கனியில் போய் விழலாம்! அப்போது விடுபட்ட பக்கத்துச் சுவரில், உள்ளே ஒரு பெரிய கண்ணாடி மாட்டச் சொல்கிறார்கள். சுவருக்கு அப்பாலும் அறை நீள்வது போலத் தெரியும். ஆனால் படுக்கையைப் பார்த்தபடி கண்ணாடி கூடாது என்பதும் அதே சாஸ்திரம்தான். படுக்கையறை என்றால் கண்ணாடியை விட்டுவிட்டுச் செடி வையுங்கள்.

அப்புறம், கோணல் எல்லாமே கெடுதல் இல்லை. முன்பக்கம் குறுகி, பின்பக்கம் அகன்ற மனையைச் சீனர்களும் நல்லது என்கிறார்கள். நம் வாஸ்துவில் அதுதான் கோமுகி மனை.