பழைய பிசிஎக்ஸ் டிசைன்களை பிஎன்ஜி ஆக்குவது எப்படி?

சென்னிமலை, கரூர் வட்டாரத்தில் ஜக்கார்டு (தறியில் உருவங்களை நெய்ய உதவும் கருவி) டிசைன் போடுபவர்கள் சிலரிடம், பழைய கணினியிலிருந்து எடுத்து வைத்த பிசிஎக்ஸ் (PCX), டிஜிஏ (TGA) என்ற பழைய வகைப் படக் கோப்புகள் இன்னும் இருக்கக்கூடும். மாற்றத் தொடங்கும் முன் அவற்றை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, தனியே வைத்துவிடுங்கள்.

ஓரிரு கோப்புகள்தான் என்றால் கிம்ப் (GIMP) மென்பொருளில் திறந்து பிஎன்ஜி (PNG) படமாக ஏற்றுமதி செய்தால் போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால், இர்ஃபான்வியூ (IrfanView) என்ற படம் பார்க்கும் மென்பொருளைத் திறந்து பி (B) விசையை அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றலாம்.

ஜேபெக் மட்டும் வேண்டவே வேண்டாம். ஜக்கார்டு கிராஃபில் ஒரு புள்ளி என்பது நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு நூலும் குறுக்கே ஓடும் ஒரு ஊடை நூலும் சந்திக்கும் இடம். ஜேபெக் சுருக்கமோ ஓரங்களைக் கலங்கடித்து, 8 நிறமே உள்ள மயில் டிசைனில் நூற்றுக்கணக்கான சாயல்களை உண்டாக்கிவிடும். அதே காரணத்தால் படத்தின் அளவையும் மாற்றக் கூடாது: 480 புள்ளி அகலம் 480 ஆகவே இருக்க வேண்டும். மாற்றிய கோப்பை இர்ஃபான்வியூவில் திறந்து ஐ (I) விசையை அழுத்தினால் அகலம், உயரம், நிறங்களின் எண்ணிக்கை மூன்றும் தெரியும். மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

256 நிற பிசிஎக்ஸ் கோப்பில் நிறப்பட்டியல் கடைசி 768 பைட்டுகளில் இருப்பதால், நகலெடுக்கும்போது வால் அறுந்த கோப்பு, உருவம் சரியாக இருந்தும் நிறம் மாறித் தோன்றலாம். டிஜிஏ படம் தலைகீழாகத் திறந்தால் பதற வேண்டியதில்லை. அதில் வரிசைகள் கீழிருந்தும் தொடங்கலாம் என்பதால், மேல்கீழாகப் புரட்டிச் சேமித்தால் சரியாகிவிடும்.